காளியின் ஊருக்குச் சுக்கு போன கதை

பெங்களூரின் கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாய்கள் கூடும். லாப்ரடாரும் பீகிளும் ஹஸ்கியுமாகத் துள்ளித் திரியும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், அல்சூர் டீக்கடை ஒன்றின் பின்புறம் பிறந்த என் நாட்டு நாய் சுக்கு, அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்துவிட்டவளைப் போல ஒதுங்கி நின்று எல்லாரையும் அளந்துகொண்டிருப்பாள். அங்கிருந்து சற்று நடந்தால் கஸ்தூர்பா சாலையில் சிவப்பு நிறத்தில் அரசு அருங்காட்சியகம் நிற்கிறது. 1865-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், ஒரு நாய்க்காக நட்ட கல் ஒன்று இருக்கிறது. நாயின் பெயர் காளி. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லைப் பார்க்கப் போனபோது, சுக்குவை வாசலுக்கு வெளியே ஒரு தோழியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. நாய்களுக்கு அனுமதி இல்லை என்பது நியாயமான விதிதான்; ஆனாலும் உள்ளே ஒரு நாயின் பெருமையைப் படித்துக்கொண்டு நிற்கையில் வெளியே இன்னொரு நாய் எனக்காக ஊளையிடுவது கேட்டதால், கல்லை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கல் இருக்கும் இடத்துக்குச் சுக்கு வர முடியாதென்றால், கல் இருந்த இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகலாமே என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்தது. அது நிறைவேறியது கடந்த சனவரியில், மார்கழியின் கடைசி வாரத்தில்.

ஆதகூர்க் கல்வெட்டு என்று வரலாற்று நூல்களில் பேசப்படும் அந்தக் கல், மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில் உள்ள ஆதகூர் என்னும் ஊரின் சிவன் கோயில் முன்பு நடப்பட்டது. காலம் சக ஆண்டு 872, நம் கணக்கில் கி.பி. 949-50. பழங்கன்னடத்தில் எழுதப்பட்ட அதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதல் செய்தி அரசர்களுடையது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனோடு போரிட்டதையும், கிருஷ்ணனின் மைத்துனனான கங்க மன்னன் பூதுகன் அந்தப் போரில் இராசாதித்தனைக் கொன்றதையும், அதற்குப் பரிசாக வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைப் பெற்றதையும் அது சொல்கிறது. இரண்டாம் செய்தி நாயினுடையது. பூதுகனின் வீரனான மணலேரனை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று அரசன் சொன்னபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு குன்றில் காளி பெரிய காட்டுப்பன்றி ஒன்றை எதிர்த்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மாய்ந்தன. அதற்காகத்தான் கல். நாயும் பன்றியும் மோதிக்கொள்ளும் காட்சியும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லின் பூசைக்கு நிலமும் விடப்பட்டது. கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கொரவன், அதாவது சைவப் பூசாரி, அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால் நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்ற எச்சரிக்கையோடு அது முடிகிறது.

இந்தக் கல் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு நாய் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் அரக்கோணத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் தக்கோலப் போரை நாங்கள் படித்த விதம் வேறு. சோழர்கள் தோற்ற போர் என்பதால் ஆசிரியர் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நேராக இராசராசனுக்குத் தாவிவிட்டார். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் யானையின் மேல் அமர்ந்தபடியே உயிர் விட்டான், அதனால் 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பெயர் பெற்றான் என்ற வரி மட்டும் மனத்தில் தங்கியிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் நடந்த அந்தச் சண்டையின் சன்மானமாக முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவனுக்கு ஒரு நாய் கிடைத்தது என்பது, பெங்களூருக்கு வேலைக்கு வந்து பத்து ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா அந்த வாரம் அல்சூரில் என்னோடு இருந்தார். அம்மா சென்னையில் தங்கை வீட்டில் இருந்ததால், பெங்களூர்க் குளிரை அனுபவிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், வந்த நாளிலிருந்து மஃப்ளரைக் கழற்றவில்லை. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்டு என்ற பெயரை 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டதை இன்னும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நாய்களைப் பற்றி அவருக்கு இருக்கும் கருத்துகள் அனைத்தும் பிரேக் வேனில் உருவானவை. ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுதாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டுப் பணம் கட்டி, பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டியில் ஏற்றிவிட வேண்டும். கார்டின் இடத்துக்கு அருகே, ஆள் குனிந்துதான் பார்க்க முடிகிற ஒரு சின்ன அறை அது. அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே இரவு முழுதும் தகரக் கதவுக்குப் பின்னால் அழுகிற நாயோடு தனியாகப் பயணம் செய்தவருக்கு, நாய் என்றால் தூக்கம் கெடுக்கும் சரக்கு என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. சுக்குவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அது' என்பார்.

"அதுக்கு டிக்கெட்டு குடுக்க மாட்டான்னுதானே கார்ல போறோம்?" என்று முந்தைய இரவு கேட்டார். மைசூர்த் தடத்தில் ஓடும் மெமு ரயிலில் ஏறினால் மத்தூருக்குச் சில்லறைக் காசில் போய்விடலாம் என்பது உண்மைதான். அந்த வண்டியில் முதல் வகுப்புக் கூபேயை எங்கே தேடுவது?

நாயோடு ஊர் சுற்றுவதற்குக் குளிர்காலமே உகந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்க்காது. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத் தார்ச்சாலையில் நண்பகலில் நாயை நடத்துவது வெறுங்காலோடு தோசைக்கல்லில் நடக்கவிடுவதற்குச் சமம். சனவரியில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பூட்டிய காருக்குள் நாயை விட்டுவிட்டுப் போவது எந்த மாதத்திலும் கூடாது. வெளியே இதமாகத் தெரியும் வெயில்கூடக் கண்ணாடிக்குள் புகுந்தால் அடுப்பாகிவிடும். ஆகவே, சுக்கு நுழைய முடியாத இடத்துக்குள் இருவரும் ஒன்றாகப் போவதில்லை, மாற்றி மாற்றித்தான் போவது என்று அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன். கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே அவளுக்குச் சோறு வைத்தேன். வயிறு நிறைந்த நாயை உடனே காரில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை முன்பு ஒருமுறை ஓசூர் சாலையில் கற்றிருக்கிறேன். அதை விவரிக்க விரும்பவில்லை. மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் பின்சீட்டு பெல்ட்டோடு மாட்டி, பழைய போர்வை ஒன்றை விரித்து, தண்ணீர், கிண்ணம், வெறிநோய்த் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவரைக் கடந்து புறப்பட்டோம்.

பனி கெங்கேரி தாண்டிய பிறகு கனத்தது. பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையில் கார்கள் நூறு வரை போகலாம். அன்று ஐம்பதைத் தொடவே பயமாக இருந்தது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். இராமநகரத்தின் பாறைக் குன்றுகள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, சிக்னல் பார்க்கிற பழக்கத்தில், "க்ளியர்... க்ளியர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேகம் குறைந்ததால் பேசுவதற்கு நேரம் கிடைத்தது. கல்வெட்டின் கதை முழுவதையும் அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "நாய்க்குக் கல்லு நட்டது கன்னடக்காரன் மட்டும்தானா?"

இல்லை. அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்தான். அந்தக் கல்லில் அவனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அப்பாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. நாய்க்கு மரியாதை செய்ததில் நாம் பின்தங்கிவிடவில்லை என்ற திருப்தி அது. நாயின் மேல் வந்த பிரியமாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. "சரி, அந்த நாய் பன்னியப் புடிச்சுது, கல்லு வெச்சான். நம்ம ஆளு யானை மேல செத்தானே, அவனுக்குக் கல்லு எங்க?"

சோழர்களின் செப்பேடுகள் அவனை மறக்கவில்லை என்றேன். ஆனைமங்கலச் செப்பேடு, கிருஷ்ணனின் அம்புகள் மார்பில் பாய்ந்து யானையின் மேலேயே அவன் இறந்ததைப் பாடுகிறது. பூதுகனின் பெயரை எடுப்பதில்லை. ஆதகூர்க் கல்லோ பூதுகனே கொன்றான் என்கிறது. தோற்றவர்கள் பேரரசனால் வீழ்ந்ததாகச் சொல்லிக்கொள்ள, வென்றவர்கள் தங்கள் ஆளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. கல் என்று கேட்டால், 2025-இல் தக்கோலத்தில் உள்ள மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு இராசாதித்த சோழன் பெயரை வைத்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"அதுக்குள்ள நம்மள விடமாட்டான்," என்றார் அப்பா.

அருங்காட்சியக வாசலில் நின்ற சுக்குவின் நினைவு எனக்கு வந்தது. சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

விரைவுச்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு போகிறவர்களுக்கு மத்தூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. சர்வீஸ் சாலையில் இறங்கினால்தான் பழைய நெடுஞ்சாலையும், சிம்சா ஆற்றங்கரையில் மெல்ல விழித்துக்கொண்டிருக்கும் ஊரும் கண்ணில் படும். சிவபுரத்தில் 1938-இல் மைசூர் அரசின் தடையை மீறிக் காங்கிரஸ் கொடி ஏற்றிய இடத்தில் நிற்கும் நினைவுக் கட்டடத்தை வண்டியிலிருந்தபடியே பார்த்தோம். சுக்குவுக்கு அவசரம் என்பதால் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த புளிய மரம் வரை தாங்கினாள்.

மத்தூர் என்றால் வடை. ரவையும் மைதாவும் அரிசி மாவும் கலந்து, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கறிவேப்பிலையையும் அள்ளிப் போட்டு, தட்டையாகத் தட்டி மொறுமொறுவென்று பொரிப்பது. 1917-இல் மத்தூர் ரயில் நிலையத்தில் சிற்றுண்டி விற்றுவந்த ராமச்சந்திர புத்யாதான் அதை முதலில் போட்டவர் என்று சொல்லப்படுகிறது. வண்டி வந்து நின்று கிளம்பும் சில நிமிடங்களுக்குள் ஏந்திக்கொண்டு ஓடி விற்க வசதியான பண்டம். அப்பாவுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. தன் வாழ்நாளில் ரயில்வே உருப்படியாகச் செய்த காரியங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டு, நின்றபடியே மூன்று வடை சாப்பிட்டார்.

சிக்கல் சுக்குவால் வந்தது. வடை வாசனையில் அவள் முன்னங்கால்களைத் தூக்கி நடனமே ஆடிவிட்டாள். கடைக்காரரும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும், ஏன் அப்பாவும்கூட, ஒரு துண்டு போடு என்று என்னைக் கடிந்துகொண்டார்கள். நாய்க்கு வெங்காயம் விஷம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய்விடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போவதில்லை. தெருவில் வளரும் நாய்கள் எதையெதையோ தின்று உயிரோடுதானே இருக்கின்றன என்று கேட்டார்கள். இருப்பவற்றைத்தான் நாம் பார்க்கிறோம் என்பதை என் அரைகுறைக் கன்னடத்தில் விளக்க முடியவில்லை. விளக்கினாலும் கல்நெஞ்சக்காரி என்ற பெயர் போயிருக்காது. வீட்டிலிருந்து கொண்டுவந்த, உப்புப் போடாத தயிர்ச் சோற்றைக் கிண்ணத்தில் வைத்தேன். அவள் அதை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பிறகு மத்தூரின் புகழ்பெற்ற இளநீரில் ஒன்றை வெட்டச் சொல்லி, உள்ளிருந்த வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். வண்டி வண்டியாக இளநீர் வந்து இறங்கி வடக்கே மும்பை, தில்லி வரை போகிற சந்தை அந்த ஊரில் இருக்கிறது. ஒரு காய் எங்களுக்காக மிஞ்சியதில் குறை ஒன்றும் இல்லை.

ஆதகூருக்குப் போகும் பாதையில் பனி விலகி, வெயில் மஞ்சளாக இறங்கியது. நெல் அறுத்த வயல்கள், நின்ற கரும்பு, டிராக்டர் நிறையக் கரும்பு. சாலையின் குறுக்கே கேழ்வரகுத் தாளைப் பரப்பி வைத்திருந்தார்கள். நம் கார்ச் சக்கரமே போரடிக்கும் மாடு. ஏற்றிப் போவதா, நிற்பதா என்று நான் தயங்கியபோது, முக்காடு போட்ட ஓர் அம்மாள் வேகமாக வா என்று கையசைத்தார். சுக்கு சன்னலில் மூக்கை வைத்து, தாள் நொறுங்கும் ஓசைக்குக் காதுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

வழியில், வெல்லம் காய்ச்சும் ஓர் ஆலைமனையில் நின்றோம். கன்னடத்தில் ஆலெமனெ என்கிறார்கள். சக்கையை எரித்துப் பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, சுண்ணாம்பு சேர்த்து, அழுக்கு நுரையை வடித்து, பாகு பதம் வந்ததும் அச்சில் ஊற்றுகிறார்கள். சில இடங்களில் அழுக்கை எடுக்க வெண்டைச் செடியின் கொழகொழப்பையும் பயன்படுத்துவது உண்டு. மார்கழிக் காலையில் அந்தக் கொப்பரையின் ஓரத்தில் நிற்பதைவிடச் சுகமான காரியம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அப்பா முதன்முறையாக மஃப்ளரைத் தளர்த்தினார். பொங்கலுக்கு என்று ஐந்து கிலோ வெல்லம் வாங்கினோம். 'பெல்லா' என்றார் விற்றவர். நம் வகரம் கன்னடத்தில் பகரமாவதைக் கவனிக்கத் தொடங்கினால் பாதிக் கன்னடம் புரிந்துவிடும்: வெல்லம் பெல்லா ஆகும், வேட்டை பேட்டெ ஆகும், வீதி பீதி ஆகும். நாய் மட்டும் ஏறத்தாழ நாயாகவே இருக்கிறது. கல்லும் அப்படியே. கல்வெட்டில் எனக்குப் பிடிபட்ட இரண்டு சொற்கள் அவைதாம்.

ஊருக்குள் காரை நிறுத்திக் கதவைத் திறப்பதற்கு முன்பே நாய்கள் வந்துவிட்டன. ஐந்து. முன்னால் ஒரு கறுப்பு நாய், ஒரு காது பாதி இல்லை. பின்னால் நான்கும் அரைவட்டமாக. நகரத்தில் நாய் வளர்க்கும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்வோம். கயிற்றை இறுக்கிப் பிடித்து நம் நாயைப் பின்னுக்கு இழுப்போம், இறுகிய கயிறு நம் பயத்தைக் கையிலிருந்து கழுத்துக்குக் கடத்திவிடும், அது பல்லைக் காட்டும், அதோடு சண்டை. தூக்கிக்கொள்வது அதைவிட மோசம். அப்பா குடையை ஓங்கப் போனார். வேண்டாம் என்று அவரைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, கயிற்றைத் தளர்த்தி, நான் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். மற்றதைச் சுக்கு பார்த்துக்கொண்டாள். நேராகப் போகாமல் வளைந்து இரண்டடி நடந்தாள். தரையை முகர்வது போலப் பாவனை செய்தாள். கறுப்பு நாயின் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினாள். அது வந்து பின்புறத்தை முகர்ந்தது. வால் அரைமட்டத்தில் விறைப்பாக நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வால் ஒரு முறை, மிகவும் கஞ்சத்தனமாக, அசைந்தது. விசா கிடைத்துவிட்டது. கப்பன் பூங்காவில் ஓரமாக நிற்கிறவள் இங்கே ஐந்து பேரோடு குப்பைமேடு வரை ஊர்வலம் போய்வந்தாள். தெருவில் பிறந்தவளுக்குத் தெருவின் இலக்கணம் மறக்கவில்லை.

கோயிலைச் செல்லேசுவரர் கோயில் என்று எழுதியிருக்கிறார்கள். நம் 'செல்ல'த்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இருக்க வழியில்லை என்று தெரிந்தும், நாயோடு அங்கே போய் நிற்கிற தமிழருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. நாங்கள் போன நேரத்தில் கதவு சாத்தியிருந்தது. எனவே மாற்றி மாற்றிப் போகும் ஏற்பாடு தேவைப்படவில்லை; மூவருமே வெளியே நின்றோம். திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், நாய்க்கு நட்ட கல் எங்கே என்று கேட்டேன்.

"ஆ கல்லா? அது பெங்களூரல்லிதே," என்றார், அது பெங்களூரில் அல்லவா இருக்கிறது என்று. நான் அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். சற்று நேரம் என்னையும் சுக்குவையும் மாறி மாறிப் பார்த்தார். "பீதி நாயினா?" என்று கேட்டார். தெருநாய்தான் என்று ஒப்புக்கொண்டேன். பெங்களூரில் இருக்கும் கல்லைத் தேடிப் பெங்களூரிலிருந்து தெருநாயைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் பெண்ணைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்க முடிந்தது. ஆனால் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. நாய், பன்றி, கல் மூன்றையும் சொன்னார். அரசர்களையும் தக்கோலத்தையும் சொல்லவில்லை. இப்போதும் கரும்புக்குள் பன்றி வருகிறதா என்று கேட்டதற்கு, வருகிறது, எதிர்க்கிற நாய்தான் இல்லை என்று அந்தக் கறுப்பு நாயைக் காட்டிச் சொன்னார். அது அப்போது சுக்குவின் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

கல்வெட்டுகளை மழையிலிருந்தும் திருடரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்தக் கல் அருங்காட்சியகத்துக்குப் போயிராவிட்டால் ஒருவேளை துவைக்கும் கல்லாகியிருக்கும். அப்படி ஆனவை நம் பக்கத்திலும் ஏராளம். இருந்தாலும் அந்தக் கோயில் முன்பு நின்றபோது, கல்லோடு சேர்ந்து போக முடியாத ஒன்று அங்கேயே தங்கிவிட்டதாகப் பட்டது. பூசை செய்யாமல் சாப்பிடக் கூடாது என்ற கட்டளை அந்த இடத்துக்கானது. பெங்களூரில் அந்தக் கல்லைத் தினமும் கடந்து போகும் காவலாளியையும் டிக்கெட் கொடுப்பவரையும் அது கட்டுப்படுத்துமா? நான் அவர்களுக்காகக் கவலைப்பட்டேன் என்று சொன்னால் மிகை, ஆனால் யோசித்தேன்.

ஊர் எல்லையில் ஒரு மரத்தடியில் போர்வையை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சோறு எங்களுக்கு, மீதித் தயிர்ச் சோறு சுக்குவுக்கு. வடைக்கடையில் வேண்டாம் என்றதை இப்போது ஒரே மூச்சில் தின்றாள். நாயின் பாவம் பூசாரியைச் சேரும் என்ற வரியை அப்பாவிடம் மீண்டும் சொன்னேன். நாய் என்ன பாவம் செய்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "என் செருப்பு ஒண்ணு. மூக்குக் கண்ணாடிக் கூடு ஒண்ணு. முந்தாநேத்து பொரிச்ச அப்பளம் நாலு," என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒருவாட்டி ஜோலார்பேட்டையில ஒரு நாயி. பெட்டியத் தொறந்தா வெளியே வரல. ஆளு வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, அப்புறம்தான் வந்துது. பேரு இன்னான்னு நெனப்பு இல்ல," என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நாய்ப்பெட்டியைப் பற்றிப் புலம்பியவர் வாயிலிருந்து அந்தச் சம்பவத்தை அன்றுதான் கேட்டேன். மேலே எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொக்கரே பெள்ளூர் அதே வட்டத்தில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள் உள்ள மரங்களிலேயே கூடு கட்டுகிற கிராமம். போகலாமா என்று தோன்றியது. குஞ்சு பொரிக்கும் பறவைகளின் கீழே ஒரு வேட்டை மூக்கைக் கூட்டிப் போவது முறையல்ல என்று விட்டுவிட்டேன். நாயோடு போகிறவர்கள் சில இடங்களை வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்வதுதான் மரியாதை. நம் நாய் எதுவும் செய்யாது என்ற நம்பிக்கை நமக்கு இருக்கலாம், நாரைக்கு அது தெரியாது.

திரும்பும் வழியில் சுக்கு ஒருமுறைகூட எழவில்லை. அப்பாவும் தூங்கிவிட்டார். பிடதி அருகே சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது இருவரும் ஒரே நேரத்தில் கண் விழித்து, ஒரே மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி சாய்ந்துகொண்டார்கள்.

அப்பா பொங்கலுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தார். வேறு வேலை இல்லாததால் தக்கோலத்துக்குப் பஸ் ஏறிப் போய்வந்தாராம். சிவன் கோயிலைச் சுற்றிப் பார்த்தாராம். நான் சொன்ன பயிற்சி மையத்தின் வாயிலில் பெயர்ப்பலகையைத் தள்ளி நின்று படித்தாராம். உள்ளே விடச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து, இந்த ஊரில் சண்டை நடந்த இடம் எது என்று விசாரித்திருக்கிறார்.

"அவன் இன்னா கேட்டான் தெரியுமா?" என்றார் அப்பா. "எந்தச் சண்ட பெரியவரே, போன வாரம் நடந்ததான்னு கேக்கறான்."